‘கர்த்தர் சொன்னார்’னு சொல்றதுக்கு முன்னாடி: ஹோம்ஸ்கூல் வருஷத்தை ஜெபத்தோட திட்டமிடுறது எப்படி?

(எபிசோட்டின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றுத் திருத்தப்பட்டது.)

இந்த எபிசோட் ஒரு வாய்ஸ் மெசேஜ்லேருந்து தொடங்குது. வேளச்சேரியிலேருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருந்தாங்க. “அக்கா, வர்ற ஜூன்லேருந்து பையனை வீட்டிலேயே படிக்க வைக்கலாம்னு இருக்கோம். சபையில யாரைக் கேட்டாலும் ‘நல்லா ஜெபம் பண்ணி ப்ளான் பண்ணுங்க’ன்னு சொல்றாங்க. சரி, ஜெபம் பண்றேன். அதுக்கப்புறம் என்ன? ஜெபம் பண்ணி ப்ளான் பண்றதுக்கும் சும்மா ப்ளான் பண்றதுக்கும் என்ன வித்தியாசம்?”

ரொம்ப நேர்மையான கேள்வி. இதே கேள்விக்கு முதல் வருஷம் நான் கண்டுபிடிச்ச பதில் தப்பு. அதுக்கு விலை கொடுத்தது நான் இல்ல, என் பொண்ணு. அதனால அந்தத் தப்பை முதல்ல சொல்லிடறேன்.

கையெழுத்துக்காகப் போன ஃபைல்

மூணு வருஷத்துக்கு முன்னாடி, டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை. நம்ம சபைகள்ல நடக்கிறது உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு மணி தாண்டினதும் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். எனக்கு வந்தது ஏசாயா 54:13. பிள்ளைகளுக்குக் கர்த்தரே போதிப்பார்ங்கிற அர்த்தத்துல வர்ற வசனம். மூத்தவளுக்கு அப்போ ஏழு வயசு. அவளை ஸ்கூலிலேருந்து எடுத்துடலாமான்னு மாசக்கணக்கா யோசிச்சிட்டிருந்தேன். அந்த அட்டையைப் பார்த்ததும் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. பதில் கிடைச்சாச்சுன்னு முடிவு பண்ணிட்டேன்.

ஏப்ரல்ல ஒரு ராத்திரி உட்கார்ந்து எக்செல் ஷீட் போட்டேன். ஐ.டி.யில ப்ராஜெக்ட் மேனேஜரா இருந்தவ நான், ஷீட் போடறது கைவந்த கலை. 36 வாரம், 8 பாடம், தினமும் காலை 7 மணிக்குக் குடும்ப ஜெபம், 7:30-க்கு மனப்பாட வசனம், 8 மணிக்குக் கணக்கு. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கலர். முடிச்சப்போ ராத்திரி இரண்டு மணி. லேப்டாப் மேல கையை வெச்சு, “ஆண்டவரே, இதை ஆசீர்வதியும்”னு ஜெபம் பண்ணிட்டுப் படுத்துட்டேன்.

இப்போ யோசிச்சா, அது வழிநடத்துதலைக் கேட்கிற ஜெபமே இல்ல. எல்லாத்தையும் முடிச்ச பிறகு மேலதிகாரி டேபிளுக்குக் கையெழுத்துக்காகப் போகிற ஃபைல்.

மறுநாள் காலையில என் கணவர் அந்த ஷீட்டைப் பார்த்துட்டு, “கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே, குழந்தை தாங்குவாளா?”ன்னு கேட்டார். “கர்த்தர் என்கிட்ட பேசியிருக்கார்”னு சொன்னேன். அவர் பேச்சை நிறுத்திட்டார். வேற என்ன செய்ய முடியும் அவரால? என்னோட விவாதம் பண்ணலாம், கர்த்தரோட எப்படிப் பண்றது?

இது நம்ம வீடுகள்ல அடிக்கடி நடக்கிற விஷயம். ‘கர்த்தர் சொன்னார்’ங்கிறது ஒரு வாக்கியம் மட்டும் இல்ல, ஒரு பூட்டு. பூட்டினதுக்கு அப்புறம் புருஷன், பிள்ளைகள், மாமியார் யாரும் உள்ள வர முடியாது. யார் வழியா பதில் வந்திருக்கணுமோ, அவங்க வாயையே அந்த வாக்கியத்தால நான் அடைச்சுட்டேன்.

ஆகஸ்ட் மாசம் பாளையங்கோட்டையிலேருந்து என் மாமியார் வந்து பத்து நாள் தங்கினாங்க. 32 வருஷம் டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. கிளம்பறதுக்கு முந்தின நாள் ராத்திரி சமையலறைக்கு வந்தாங்க. “ஏம்மா, பிள்ள என்கிட்ட ஒண்ணு கேட்டா. ‘ஆச்சி, நான் கிராமர் முடிக்கலைன்னா இயேசப்பாவுக்குக் கோபம் வருமா?’ன்னு கேட்டா.”

நான் பதில் சொல்லல. அத்தையே பேசினாங்க. “பாடத்துக்குப் பிள்ள பயந்தா சரி பண்ணிரலாம். கர்த்தருக்குப் பயப்படுற பயம்னு வேதத்துல ஒண்ணு இருக்கு. இது அது இல்ல.”

என் டைம்டேபிளோட முகமும் கடவுளோட முகமும் அவளுக்கு ஒண்ணாயிடுச்சு. விசுவாசத்துல வளரணும்னு ஸ்கூலிலேருந்து எடுத்த குழந்தைக்கு நான் சொல்லிக் கொடுத்தது இதைத்தான்.

மாமனார் போட்டுக் கொடுத்த டைம்டேபிள்

அந்த ராத்திரி எனக்கு யாத்திராகமம் 18-ம் அதிகாரம் ஞாபகம் வந்துச்சு. மோசே, எரிகிற முட்செடியில கடவுளோட குரலைக் கேட்டவர். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் தனியா உட்கார்ந்து ஜனங்களுக்கு நியாயம் விசாரிச்சிட்டிருக்கார். அதைப் பார்த்துட்டு அவர் மாமனார் எத்திரோ சொல்றார்: இது சரியில்ல, நீயும் களைச்சுப் போவ, ஜனங்களும் களைச்சுப் போவாங்க, வேலையைப் பிரிச்சுக் கொடு. எத்திரோ இஸ்ரவேலர்கூட இல்ல, மீதியான் தேசத்து ஆசாரியன். மோசே அந்த ஆலோசனையைக் கேட்டு அப்படியே செய்தார்னு எழுதியிருக்கு.

கடவுளோட நேரடியா பேசின ஒருத்தருக்கு வேலை அட்டவணை பற்றின அறிவுரை மாமனார் வாயால வந்திருக்கு. அப்போ என் வீட்டுக்கு மாமியார் வாயால வரக்கூடாதா?

‘தேவ நடத்துதல்’னு நாம சொல்றப்போ மனசுல ஒரு குரல், ஒரு கனவு, ஒரு அட்டைன்னு நினைச்சுக்கிறோம். வேதத்துல அந்த மாதிரியும் இருக்கு. ஆனா நெகேமியாவைப் பாருங்க. எருசலேமோட மதில் இடிஞ்சு கிடக்குன்னு கிஸ்லேவு மாசத்துல கேள்விப்படறார். ராஜாகிட்ட வாயைத் திறந்து கேட்கிறது நிசான் மாசத்துல. நடுவுல ஏறக்குறைய நாலு மாசம் ஜெபமும் காத்திருப்பும். எருசலேமுக்குப் போன பிறகும் உடனே கல்லைத் தூக்கல. ராத்திரியில சில பேரோட போய் மதிலைச் சுத்திப் பார்க்கிறார். ஜெபம் பண்ணினவர்தான் சர்வேயும் எடுத்தார். அவருக்கு அது இரண்டு வேற வேலையா இருக்கல.

என் வாக்குத்தத்த வசனத்தையும் திரும்பப் படிச்சேன். அதுல போதிக்கிறவர் யார்? கர்த்தர். நான் அதை ‘நீ போதி’ங்கிற ஆர்டரா வாசிச்சிருந்தேன்.

அட்டை எடுக்கிறதே தப்புன்னு சொல்லல. இப்பவும் வருஷா வருஷம் எடுக்கிறேன். ஜெர்மனியில ஹெர்ன்ஹூட்ங்கிற ஊர்ல மொரேவியன் சபையார் 1728-லேருந்து நாளுக்கு ஒரு வசனம்ங்கிற பழக்கத்தை வெச்சிருக்காங்க. 1731-லேருந்து அது வருஷா வருஷம் புத்தகமா வருது. அதுல பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுக் குலுக்கி எடுப்பாங்க. அதோட சேர்ந்து வர்ற புதிய ஏற்பாட்டு வசனத்தைக் குலுக்கி எடுக்கிறது இல்ல, முன்னதுக்குப் பொருத்தமா யோசிச்சுத் தேர்ந்தெடுப்பாங்க. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்தது. கைக்கு வந்த வசனம் ஒண்ணு, அதோட உட்கார்ந்து யோசிக்கிற வேலை ஒண்ணு. நான் முதல் பாதியோட நிறுத்திட்டேன்.

இரண்டு பேர்கிட்ட கத்துக்கிட்டது

அடுத்த வருஷத்துக்கு எனக்கு ஒரு முறை தேவைப்பட்டது. இரண்டு பேர் உதவினாங்க, இரண்டு பேரும் இப்போ உயிரோட இல்ல.

முதல் ஆள் இஞ்ஞாசியார், இக்னேஷியஸ் லொயோலா. நான் சி.எஸ்.ஐ. குடும்பத்துல வளர்ந்தவ. அந்தப் பேரைக் கேட்டா நுங்கம்பாக்கம் லொயோலா காலேஜ்தான் ஞாபகம் வரும். அவர் ஒரு போர் வீரர். 1521-ல பாம்ப்லோனாவுல பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைஞ்சு மாசக்கணக்கா படுக்கையில கிடந்தார். படுத்துக்கிட்டே கனவு காண்பார். வீரனா பேர் வாங்கற மாதிரி கனவு கண்டா அந்த நேரத்துக்கு ஜோரா இருக்கும், முடிஞ்சதும் மனசு வறண்டு போயிடும். புனிதர்களை மாதிரி வாழற கனவு கண்டா, கனவு முடிஞ்ச பிறகும் மனசுல சந்தோஷம் தங்கும். எது தங்குது, எது வறண்டு போகுதுன்னு கவனிக்க ஆரம்பிச்சார். 1548-ல அச்சான அவரோட ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலுக்கு இந்தக் கவனிப்புதான் விதை.

அதுலேருந்து மூணு விஷயம் ஒரு ஹோம்ஸ்கூல் அம்மாவுக்கு நேரடியா உதவும்.

ஒண்ணு, தினமும் ராத்திரி அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கிறது. எங்கே உயிர் இருந்தது, எங்கே வறண்டுச்சு?

இரண்டு, மனசு சோர்ந்திருக்கிற நேரத்துல முன்னாடி எடுத்த முடிவை மாத்தாதே. செவ்வாய்க்கிழமை மதியம் மூணு மணிக்கு, பையன் பென்சிலைத் தூக்கி எறிஞ்சப்போ, ‘நாளைக்கே ஸ்கூல்ல சேர்த்துடறேன்’னு தோணும். அது முடிவு எடுக்கிற நேரம் இல்ல. டீ குடிக்கிற நேரம்.

மூணு, முன்பின் தெரியாத ஒருத்தர் இதே நிலைமையில உங்ககிட்ட ஆலோசனை கேட்டா என்ன சொல்வீங்கன்னு யோசிச்சு, அதையே நீங்களும் செய்யறது. என் எக்செல் ஷீட்டை வேற ஒரு அம்மா கொண்டுவந்து காட்டியிருந்தா, “பாவம்மா அந்தக் குழந்தை”ன்னுதான் சொல்லியிருப்பேன்.

இரண்டாவது ஆள் சார்லட் மேசன். 1842-லேருந்து 1923 வரை வாழ்ந்த இங்கிலாந்துக் கல்வியாளர். ஹோம்ஸ்கூல் குடும்பங்கள்ல இவங்க பேர் அடிபடாம இருக்காது. இத்தாலியில ஃப்ளாரன்ஸ் நகரத்துல சாண்டா மரியா நோவெல்லா ஆலயத்தோட ஒரு சிற்றாலயத்துல 14-ம் நூற்றாண்டுச் சுவர் ஓவியம் ஒண்ணு இருக்கு. மேலே பரிசுத்த ஆவியானவர் இறங்கி வர்றார். கீழே இலக்கணம், கணிதம், வடிவியல், இசை, வானியல்னு ஒவ்வொரு கலையும் ஒரு உருவமா உட்கார்ந்திருக்கு. அதைப் பற்றி மேசன் எழுதினது என்னன்னா, வேத பாடத்துக்கு மட்டும் இல்ல, இலக்கணத்துக்கும் கணக்குக்கும்கூட ஆவியானவர்தான் ஆசிரியர்.

எனக்கு இது ஒரு பெரிய பாரத்தை இறக்கி வெச்ச மாதிரி இருந்தது. ஏழு மணி ஜெபம் ‘ஆவிக்குரியது’, எட்டு மணிக் கணக்கு ‘என் பொறுப்பு’ன்னு நான் பிரிச்சு வெச்சிருந்தேன். அப்படிப் பிரிச்சதாலதான் கணக்கு நேரத்துல கத்தினேன். ஏழரைக்குச் சாந்தமா வசனம் சொல்லிக் கொடுத்த அதே அம்மா எட்டேகாலுக்குக் கத்துறா. எது உண்மையான அம்மா, எது உண்மையான கடவுள்னு குழந்தைக்குக் குழப்பம் வராம என்ன செய்யும்?

இப்போ எங்க வீட்டுல எப்படிப் பண்றோம்

ஈஸ்டர் முடிஞ்சதும் ஆரம்பிக்கிறோம். நாலு வாரம் எடுக்கும். முடியற வரைக்கும் ஒரு புத்தகம்கூட வாங்கறது இல்ல. இது கடுமையான விதி. ஏன்னா புத்தகம் வாங்கிட்டா, போட்ட காசு நம்மளை நடத்த ஆரம்பிச்சுடும்.

முதல் வாரம், திரும்பிப் பார்க்கிறது. நானும் கணவரும் ராத்திரி அரை மணி நேரம் பழைய நோட்டுகளைப் புரட்டுவோம். நன்றி சொல்ல என்ன இருக்கு? யார்கிட்ட மன்னிப்புக் கேட்கணும்? முதல் தடவை அந்த வாரத்துல நான் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டேன். “இயேசப்பா கிராமர் நோட்டைத் திருத்துறவர் இல்ல. அம்மா அப்படி நினைக்க வெச்சுட்டேன், சாரி”ன்னு சொன்னேன். அவ ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், “அப்போ இன்னைக்குக் கிராமர் கிடையாதா?”ன்னு கேட்டா. (சிரிப்பு)

இரண்டாவது வாரம், பிள்ளைகள்கிட்ட கேட்கிறது. சிறுவன் சாமுவேல் கதை சண்டே ஸ்கூல்ல எல்லாரும் கேட்டதுதான். அதுல குரல் கேட்டது குழந்தைக்கு. அது கர்த்தரோட குரல்தான்னு அடையாளம் கண்டுகொண்டது வயசான ஏலி. பெரியவங்க வேலை குழந்தைக்குப் பதிலா கேட்கிறது இல்ல, குழந்தை கேட்டதைப் புரிஞ்சுக்க உதவறது. ஒவ்வொருத்தரையும் தனியா வெளியே கூட்டிட்டுப் போய் மூணு கேள்வி கேட்போம். எது பிடிச்சிருந்தது, எது பயமா இருந்தது, எதுக்கு ஏங்கறே? பதிலுக்கு அங்கேயே விளக்கம் கொடுக்கக் கூடாது. எழுதிக்கிட்டு வந்துடணும்.

மூணாவது வாரம், கணக்குப் பார்க்கிறது. கோபுரம் கட்டறவன் முதல்ல உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானான்னு லூக்கா 14-ல இயேசுவே கேட்கிறார். சட்டம், பரீட்சை, பணம், உடம்பு எல்லாம் இந்தக் கணக்குல வரும். நம்ம நாட்டுல ஹோம்ஸ்கூலுக்குன்னு தனிச் சட்டம் கிடையாது. 2009-ல நிறைவேறின கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயசு வரைக்கும் பேசுது. குழந்தையைப் பள்ளியில சேர்க்கிறது பெற்றோரோட கடமைன்னு அதோட 10-ம் பிரிவு சொல்லுது. இதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் இந்தப் பாதையில நடக்கணும். பரீட்சைக்கு என்.ஐ.ஓ.எஸ்., அதாவது தேசியத் திறந்தநிலைப் பள்ளி, ஒரு வழி. அங்கே பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயசு ஆகியிருக்கணும். வருஷத்துக்கு இரண்டு முறை பொதுத் தேர்வு நடக்குது. ‘கர்த்தர் பார்த்துக்குவார்’னு சொல்லிட்டு இதையெல்லாம் படிக்காம இருக்கிறது விசுவாசம் இல்ல, சோம்பல். நானும் அப்படி இருந்தவதான், அதனால உரிமையோட சொல்றேன்.

இந்த வாரத்துல என் உடம்பையும் கணக்குல எடுப்பேன். முதல் வருஷம் 36 வாரத்தையும் நிரப்பினேன். இப்போ 30 வாரத்துக்குத்தான் பாடம். காய்ச்சல், கல்யாணம், மழை லீவு, ஊர்ப் பயணம் எல்லாத்துக்கும் மீதி இடம் வேணும்.

நாலாவது வாரம், ‘வேண்டாம்’னு சொல்ல உரிமை உள்ள இரண்டு பேர்கிட்ட காட்டறது. ஒருத்தர் அத்தை. இன்னொருத்தர் எங்க சபையில ஒரு அக்கா. அவங்க பிள்ளைகள் எல்லாரும் ஸ்கூல்ல படிக்கிறாங்க. வேணும்னுதான் அவங்களைத் தேர்ந்தெடுத்தேன். ஹோம்ஸ்கூல் பண்றவங்ககிட்ட மட்டும் கேட்டா ‘ஆமாம்’ மட்டும்தான் வரும். ஆயர்கிட்டயும் போவோம். ஆனா எந்தப் புத்தகம் நல்லதுன்னு அவரைக் கேட்கிறது இல்ல. “எங்க குடும்பத்துல அன்பு வளருதா, பயம் வளருதா? வெளியிலேருந்து பார்க்கறப்போ உங்களுக்கு எப்படித் தெரியுது?”ன்னு கேட்போம். அவரால பதில் சொல்லக்கூடிய கேள்வி அது.

அதுக்கப்புறம் ஒரு வாரம் எதையும் தொடறது இல்ல. அந்த ப்ளானை நினைக்கிறப்போ மனசு என்ன பண்ணுதுன்னு மட்டும் கவனிப்போம். இதுக்கெல்லாம் மேல வீட்டுல ஒரு விதி வெச்சிருக்கோம். ‘கர்த்தர் சொன்னார்’னு யாரும் சொல்லக் கூடாது. ‘ஜெபம் பண்ணினப்போ எனக்கு இப்படித் தோணுது, உங்களுக்கு?’ன்னு கேட்கலாம். அந்தக் கடைசி வார்த்தை இல்லாம பேச்சை முடிக்கக் கூடாது.

பிடிக்காத பதில் வந்தா?

இவ்வளவு நேரம் ஒரு விஷயத்தைச் சொல்லாம வெச்சிருந்தேன். இந்த வருஷம் இரண்டாவது வாரத்துல மூத்தவளோட பீச்சுக்குப் போயிருந்தேன். எதுக்கு ஏங்கறேன்னு கேட்டேன். சுண்டல் பொட்டலத்தை மடிச்சுக்கிட்டே சொன்னா: “ஸ்கூலுக்குப் போகணும்மா. உங்க மேல கோபம் இல்ல. நிறைய பிள்ளைங்களோட இருக்கணும்.”

விளக்கம் கொடுக்கக் கூடாதுங்கிற விதியை நான்தான் போட்டேன். அன்னைக்கு அதைக் காப்பாத்தறது எவ்வளவு கஷ்டமா இருந்ததுன்னு எனக்குத்தான் தெரியும். மூணு வருஷ உழைப்பு, விட்ட வேலை, சொந்தக்காரங்க முன்னாடி பேசின பேச்சு எல்லாம் தொண்டை வரைக்கும் வந்துச்சு. எழுதிக்கிட்டு வந்துட்டேன்.

ஆர்வக்கோளாறா இருக்கும்னு நினைச்சு ஒரு மாசம் காத்திருந்தோம். அவ மாறல. அத்தை, அந்த அக்கா, என் கணவர் மூணு பேரும் ஒரே பக்கம். மனசு விரும்பாத பதில் எல்லாப் பக்கத்திலேருந்தும் வந்தா, அதையும் பதில்னுதான் எடுத்துக்கணும். கல்வி உரிமைச் சட்டத்தோட 4-ம் பிரிவு, பள்ளியில சேராத குழந்தையை அதோட வயசுக்கேத்த வகுப்புல சேர்க்கணும்னு சொல்லுது. ஜூன்லேருந்து அவ பக்கத்து ஸ்கூல்ல ஐந்தாம் வகுப்பு. சின்னவன் வீட்டிலேயே தொடர்றான். ஒரே வீடு, ஒரே ஜெபம், இரண்டு பதில்.

ஹோம்ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல இதைச் சொல்ல எனக்கு மூணு வாரம் ஆச்சு. தோத்துட்ட மாதிரி இருந்தது. இப்போ அப்படித் தோணல. ஸ்கூலுக்குப் போன முதல் வாரம் ராத்திரி ஜெபத்துல அவளே வாயைத் திறந்து, “இயேசப்பா, நாளைக்குக் கணக்கு டெஸ்ட், எனக்குப் பயமா இருக்கு, கூட இருங்க”ன்னு சொன்னா. மூணு வருஷத்துக்கு முன்னாடி அவ பயந்தது அவரைப் பார்த்து. இப்போ பயத்தை அவர்கிட்ட கொண்டுபோறா.

வேளச்சேரி தங்கச்சி, உங்க கேள்விக்கு என் பதில் இதுதான். சும்மா ப்ளான் பண்றப்போ ‘எப்படி முடிக்கிறது’ன்னு யோசிக்கிறோம். ஜெபம் பண்ணி ப்ளான் பண்றப்போ, நாம நினைச்சதை மாத்தச் சொன்னாலும் கேட்கிறதுக்குத் தயாரா உட்கார்றோம். இந்த வாரம் ஷீட் எதுவும் போடாதீங்க. பையனை வெளியே கூட்டிட்டுப் போய் அந்த மூணு கேள்வியைக் கேளுங்க. அவன் சொல்றதை எழுதிக்கிட்டு வாங்க. அடுத்த மாசம் எனக்கு இன்னொரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க, காத்திருக்கேன்.